வலியே இல்லை, ஆனால் எச்பிஏ1சி 9.4: அம்மாவுக்கு அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

ஈசூன்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 11 ஆண்டு. சீனிக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் மூன்று வேளை, கிளிப்பிசைடு 5 மில்லிகிராம் இரண்டு வேளை. போன வாரம் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த முடிவுகள் இவை:

எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) 9.4 விழுக்காடு. வெறும் வயிற்றில் சீனி 11.8. இரத்த அழுத்தம் 146/84. எல்டிஎல் கொழுப்பு 3.1. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 82, ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 71. சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 14.

ஊரிலிருந்து வாங்கி வந்த கருவி அதே காலையில் 212 காட்டியது. இரண்டில் எதை நம்புவது? லோசார்ட்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரை 50 மில்லிகிராமும் ஒரு கொழுப்பு மாத்திரையும் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லோசார்ட்டானைத் தொட்டால் கிட்னி போய்விடும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, அம்மா இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. கிரியாட்டினின்தான் சரியாக இருக்கிறதே, பிறகு எதற்கு மாத்திரை என்றும் கேட்கிறார்.

ராத்திரியில் பாதம் எரிகிறது, எறும்பு ஊர்வது போல இருக்கிறது. பகலில் வலி எதுவும் கிடையாது, சந்தைக்கு நடந்தே போய் வருகிறார். கண் படம் எடுத்து 3 ஆண்டு ஆகிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு. எதை முதலில் கவனிப்பது?

மருந்துப்பெட்டி:

முதலில் அந்த இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றுதான். இங்கே சிங்கப்பூரில் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்குங்கள்: 11.8 × 18 = 212. கருவியில் கோளாறு இல்லை. ஆனால் வீட்டில் ஒரே அளவையில் காட்டும் கருவியாக வைத்துக்கொள்வது நல்லது. இன்சுலின் போடும் வீடுகளில் இந்தக் குழப்பம் ஆபத்தில் முடியும்.

எச்பிஏ1சி 9.4 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதத்தில் இரவு பகல் எல்லாம் சேர்த்துச் சராசரி சீனி ஏறத்தாழ 12.4. பெரும்பாலானோருக்கு வைக்கும் இலக்கு 7, அதாவது சராசரி 8.6. ஒன்றைக் கவனியுங்கள்: இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடுகளிலும் அந்த எண் ஏமாற்றும். அம்மாவுக்கு வெறும் வயிற்று அளவும் உயர்ந்தே இருப்பதால் 9.4ஐ நம்பலாம்.

இப்போது சிறுநீரகம். கிரியாட்டினின் சரி என்பதால் சிறுநீரகம் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஏறக்குறைய பாதித் திறன் போன பிறகுதான் கிரியாட்டினின் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வடிகட்டியில் ஓட்டை பெரிதாகி ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். அந்தக் கசிவை அளப்பதுதான் அந்த 14. 3க்குக் கீழே இருந்தால் இயல்பு, 3 முதல் 30 வரை மிதமான கசிவு, 30க்கு மேல் கடுமையான கசிவு. அம்மா நடுக்கட்டத்தில் இருக்கிறார். மருந்தால் திருப்பவோ நிறுத்தி வைக்கவோ வாய்ப்பு அதிகம் உள்ள கட்டம் இது. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். அவர்களும் ஒரு காலத்தில் இந்த 14ஐத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சிறுநீர்ப்பாதைத் தொற்று, காய்ச்சல், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, எகிறிய சீனி ஆகிய எல்லாமே இந்த எண்ணைத் தற்காலிகமாக ஏற்றும். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் உறுதி. மறுபடி கொடுக்கும்போது காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

லோசார்ட்டான் பற்றி. அது வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்தம் குறைந்தால் கசிவு குறையும். அதே காரணத்தால், தொடங்கிய முதல் வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துத்தான் "மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது" என்ற பேச்சு பரவியது. 30 விழுக்காடு வரையிலான ஏற்றம் எதிர்பார்த்ததுதான், அம்மாவின் 82 ஏறக்குறைய 106 வரை போனாலும் நிறுத்தத் தேவையில்லை. அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் உயர்ந்தாலோ மருத்துவர் மாற்றுவார். எனவே தொடங்கி ஒன்று முதல் இரண்டு வாரத்தில், சற்றுத் தள்ளிப்போனாலும் நான்கு வாரத்துக்குள், இரத்தச் சோதனைக்கு நாள் கேட்டு வாங்குங்கள். அந்த நாள் குறித்துத் தரப்படாமல் விட்டிருந்தால் நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களில் இதே லோசார்ட்டான் செயலிழப்பைத் தள்ளிப்போடுகிறது என்பது 2001லேயே பெரிய ஆய்வில் உறுதியான விஷயம். பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பில் எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை, ஆனால் இன்று அதைச் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்குமான பாதுகாப்பாகவே கொடுக்கிறார்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமும் தண்ணீரும் முக்கியம்.

கடைசியாக, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் வேண்டாம். பாரசிட்டமால் போதும். மூலப்பொருள் எழுதாத வலிநிவாரணிப் பொடி, உருண்டை எதுவும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சீனியைத் தாறுமாறாக ஏற்றும்.

அடிச்சுவடு:

பால்குடம் பற்றிக் கேட்டீர்கள், அதனால் காலைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். உங்கள் பதிவில் என்னை மிகவும் உறுத்தியது "பகலில் வலி எதுவும் கிடையாது" என்ற வரி. எரிச்சல் நரம்பு கெடுவதன் முதல் கட்டம். எரிச்சல் தானாகக் குறைந்தால் குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் நரம்பு செத்துப்போவதால்தான் குறைகிறது.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை போகிறவை. அவையே முதலில் கெடும். அதனால்தான் இரண்டு பாதத்திலும், காலுறை மாட்டிய இடம் போல, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். கூடவே இன்னும் இரண்டு நடக்கும். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்க, எடை முழுக்க முன்பாதத்தின் எலும்பு முட்டுகளில் இறங்கும். அங்கே தோல் தடித்துக் காய்த்துப்போகும், அந்தத் தடிப்புக்கு அடியில்தான் புண் உருவாகும். வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். வெடிப்பு கிருமிக்கு வாசல்.

வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் முறை மாற்றி மாற்றி, ஒரு விநாடி, இறகு படுவது போலத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. உணரவில்லை என்றால் அதே இடத்தில் மறுபடி முயலவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பலதுறை மருந்தகத்தின் பாதப் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். அங்கே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், காலில் நாடித் துடிப்பும் பார்ப்பார்கள். உணர்வு போன காலில் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கதை வேறு. புண் ஆறுவது மிகக் கடினம்.

நீரிழிவு வந்து 11 ஆண்டு, மெட்ஃபார்மினும் பெரிய அளவு என்பதால் வைட்டமின் பி12 அளவையும் கேளுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும், அந்தக் குறைவும் இதே எரிச்சலையும் மரப்பையும் தரும். சைவமாக இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். இது ஈடுசெய்யக்கூடிய குறை. அதைச் சோதிக்காமல் எல்லாவற்றையும் நீரிழிவின் தலையில் கட்டக்கூடாது.

தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள், இந்த ஊர் ஈரத்துக்குச் சேற்றுப்புண் சீக்கிரம் வரும். களிம்பு குதிகாலுக்கும் மேல்பாதத்துக்கும் மட்டும், இடுக்கில் தடவக்கூடாது. நகத்தை நேராக வெட்டி ஓரத்தை அரத்தால் தேயுங்கள். ஆணிக்காலுக்கு மருந்துக்கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டவேண்டாம், அது நல்ல தோலையும் சேர்த்துத் தின்றுவிடும். வெந்நீரில் கால் வைப்பது, தைலம் தேய்த்துச் சூட்டுப் பை வைப்பது இரண்டும் கூடாது. சூடு தெரியாத காலில் கொப்புளம் வரும்வரை அவருக்கே தெரியாது. காலணி வாங்கக் காலையில் போகாதீர்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள்.

தோல் கிழிந்தால், கொப்புளம் வந்தால், அன்றைக்கே மருந்தகம். சுத்தமான நீரில் கழுவி, உலர்ந்த துணி வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். மஞ்சள்தூள், பற்பசை எதுவும் அப்பவேண்டாம். சிவப்பு பரவினாலோ, நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் வந்தாலோ நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: அடிபடாமலே ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக, ஆனால் வலி இல்லாமல் இருந்தால் அது உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் நிலையாக இருக்கலாம். வலிதான் இல்லையே என்று நடந்தால் பாத வளைவே உட்கார்ந்துவிடும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே போய்க் காட்டவேண்டும்.

இப்போது தைப்பூசம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்கால் நடை. சாலைத் தாரின் சூடும் சிறு கல்லும் உணர்வு இல்லாத காலுக்குத் தெரியாது. தொடு சோதனையில் தவறினால் வெறுங்கால் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. கெட்டியான பருத்திக் காலுறையுடன் போகலாமா என்று கோயிலில் முன்கூட்டியே கேளுங்கள். பால்குடங்கள் நள்ளிரவை ஒட்டியே புறப்படும், வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். குடத்தை நீங்கள் ஏந்தி அம்மா கோயிலில் வந்து சேர்ந்துகொள்வதும் நல்ல வழி. எப்படிப் போனாலும் முடிந்ததும் வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில், உள்ளங்கால் முழுக்க நீங்கள் பாருங்கள். அவர் பார்த்தால் போதாது.

செங்காங்_வாசி:

கண் பற்றிச் சுருக்கமாக. விழித்திரையில் இரத்தக்குழாய் கசிந்து, அடைத்து, புதிதாக மெல்லிய குழாய் முளைக்கும்வரைகூடப் பார்வை தெளிவாகவே இருக்கலாம். மங்கலாகத் தெரிந்த பிறகு போனால் தாமதம். ஆண்டுக்கொரு முறை எடுக்கவேண்டிய விழித்திரைப் படம் 3 ஆண்டாக எடுக்காததை இந்த மாதமே சரிசெய்யுங்கள். படம் எடுக்கச் சில நிமிடம்தான். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், துணைக்கு ஆள் போங்கள்.

சீனியை இறக்கும் முன்பே படம் எடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல ஆண்டு உயர்ந்திருந்த சீனியை வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை முதல் சில மாதம் மோசமாகலாம். அதற்காகச் சீனியை இறக்காமல் விடக்கூடாது, நீண்ட நாளில் இறக்குவதே கண்ணைக் காக்கும். ஆனால் தொடக்க நிலை தெரிந்திருந்தால் கண் மருத்துவர் நெருக்கமாகப் பார்த்து, தேவையானால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி முன்கூட்டியே கொடுப்பார்.

சீனி இறங்கும் வாரங்களில் கண்வில்லையின் நீர்ச்சத்து மாறிப் பார்வை ஏறி இறங்கும். அப்போது புது மூக்குக்கண்ணாடி வாங்கவேண்டாம், சீனி நிலைப்பட்டு ஆறு வாரமாவது போகட்டும். திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே அவசரச் சிகிச்சை.

ஈசூன்_மகள்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தொடு சோதனை செய்தேன். ஆறில் மூன்று தெரியவில்லை. கண்ணுக்கும் காலுக்கும் நாள் வாங்கிவிட்டேன், லோசார்ட்டான் நேற்று தொடங்கியாகிவிட்டது. விரத நாள்களில் காலையில் தண்ணீர் மட்டும், மதியம் ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, இரவு பால் பழம். மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது? இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருக்கிறேன், அது சரிதானா?

மருந்துப்பெட்டி:

உப்பை முதலில் சொல்கிறேன். சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். பொதுவாக நல்ல பொருள்தான். ஆனால் லோசார்ட்டான் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், சிறுநீரகமும் கசிகிறது. முதல் இரத்தச் சோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியும்வரை அதைத் திறக்கவேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

விரதத்தில் ஆபத்து கிளிப்பிசைடு. அது சாப்பாடு வந்ததா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். காலையில் வெறும் தண்ணீரோடு அதைப் போட்டால் பத்து பதினொரு மணிக்குச் சீனி 4க்குக் கீழே போகலாம். எந்த வேளை உணவு இல்லையோ அந்த வேளைக் கிளிப்பிசைடு இல்லை என்பதுதான் பொது முறை. மீதி அளவை மருத்துவரோ மருந்தாளரோ விரதம் தொடங்கும் முன் எழுதித் தரவேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் தனியாகச் சீனியை அப்படி விழவைப்பது அரிது, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். இதற்குள் டாபாகிளிஃப்ளோசின் வகை தொடங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பட்டினியோடு சேர்ந்தால் சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் அபாயம் அதில் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் கருவி 10 காட்டினாலும் மருத்துவமனைதான்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். 4க்குக் கீழே என்றால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். இன்னும் 4க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு ரொட்டி மாதிரி ஏதாவது சாப்பிடவேண்டும், கிளிப்பிசைடின் வேகம் சில மணி நேரம் இருக்கும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழையுங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து தண்ணீர் நிற்காத நாளில் லோசார்ட்டான், மெட்ஃபார்மின், அந்தப் புது வகை மாத்திரை மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தவேண்டியிருக்கும். நீர் வற்றிய சிறுநீரகம் இவற்றோடு சேர்ந்தால் திடீரென்று மடங்கிவிடும். எந்த நாளில் எதை நிறுத்தி எப்போது மறுபடி தொடங்குவது என்று இப்போதே கேட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

கிளமெண்டி_அத்தை:

மகளே, இதயத்தை யாரும் எடுக்கவில்லை, அதனால் சொல்கிறேன். சிறுநீரில் ஆல்புமின் கசிவது சிறுநீரகத்துக்கு மட்டுமான செய்தி இல்லை, உடம்பிலுள்ள இரத்தக்குழாய்கள் எல்லாமே கெடுகின்றன என்ற செய்தி. நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்புகூட நெஞ்சு வலிக்காமல் வரலாம். காரணமில்லாத மூச்சு வாங்கல், திடீர் களைப்பு, குளிர்ந்த வியர்வை, தாடையிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம் வந்தால் "வாயு" என்று ஓமவாட்டர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கொழுப்பு மாத்திரையை விடாமல் கொடுங்கள், எல்டிஎல் 3.1 அம்மாவுக்கு அதிகம், 1.8க்குக் கீழே கொண்டுவரவே பார்ப்பார்கள். அழுத்தம் 130/80க்குக் கீழே. டென்மார்க்கில், உங்கள் அம்மாவைப் போலவே ஆல்புமின் கசிவு இருந்த 160 பேரில் பாதிப் பேருக்குச் சீனி, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பார்த்தார்கள். 21 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, அப்படிக் கவனிக்கப்பட்ட பிரிவினர் மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் 7.9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரு மாத்திரையின் வேலை இல்லை அது, மூன்றும் சேர்ந்த வேலை. அதேசமயம் 9.4ஐ மூன்று மாதத்தில் 6ஆக்கப் பார்க்காதீர்கள். இதய அபாயம் உள்ளவர்களில் எச்பிஏ1சியை 6க்குக் கீழே தள்ள முயன்ற 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில் இறப்பு கூடியதால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முதலில் 8, பிறகு 7.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் இப்போது செய்யலாம் என்றால் குடிக்கும் சீனியை நிறுத்துங்கள். உணவங்காடியில் இனிப்புப் பால் ஊற்றிய தே தாரிக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங். புட்டிப் பானத்தில் ஒட்டியிருக்கும் நியூட்ரி-கிரேட் என்ற தரக்குறியீடு டி என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனியோ, அளவுக்கு மேல் நிறைகொழுப்போ இருக்கிறது என்று பொருள். சோற்றைத் தட்டில் கால் பங்குக்கு இறக்கி, காய்கறியை அரைத் தட்டுக்கு ஏற்றுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்.

செலவுக்கு: நீரிழிவு நாட்பட்ட நோய்த் திட்டத்தில் வருவதால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி எடுக்கலாம். நீரிழிவோடு உயர் அழுத்தமும் இருப்பதால், அல்லது சிறுநீரகப் பாதிப்பு உறுதியானால், சிக்கலான நிலை என்ற பிரிவில் 700 வெள்ளிவரை. அம்மா கணக்கில் பணம் குறைவாக இருந்தால் உங்கள் மெடிசேவிலிருந்தும் அவருக்காக எடுக்கலாம். சாஸ் அட்டை (சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை) இருந்தால் தனியார் மருந்தகத்திலும் சலுகை உண்டு.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: பொட்டாசியமும் கிரியாட்டினினும், பி12, சிறுநீர் ஆல்புமின் மறுசோதனை நாள், விரத மாத்திரை அட்டவணை, பாத மருத்துவரிடம் அனுப்பும் கடிதம். ஆறில் மூன்று தெரியவில்லை என்பதைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள், அதைப் பார்த்ததும் பாத மருத்துவர் நாளை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்கலாம்.